செத்த காலேஜ்

எங்கள் ஆயாவுக்கு மியூசியம் என்ற சொல் கடைசிவரை தேவைப்படவில்லை. மதுராந்தகத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து காணும் பொங்கலன்று விடிகாலை ரயிலேறி எழும்பூரில் இறங்கியவர்கள் அவர்கள். அந்த நாளின் வரிசையை அவள் சாகும்வரை ஒரே தாளத்தில்தான் சொல்வாள்: "காலைல உயிர் காலேஜ், மத்தியானம் செத்த காலேஜ், சாயந்தரம் பீச்சு, ராத்திரி ரயிலு." உயிர் காலேஜ் என்றால் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சி சாலை. செத்த காலேஜ் என்றால் எழும்பூர் மியூசியம். 1985இல் உயிர் காலேஜ் வண்டலூருக்குப் போனது. அதே வருஷம் மூர் மார்க்கெட்டும் எரிந்துபோனது. எனக்கு வாய்த்தது செத்த காலேஜ் மட்டும்தான்.

இந்தப் பெயரை நம் படித்தவர்கள் ஒரு பட்டிக்காட்டு நகைச்சுவையாகத்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். பாவம், ஜனங்களுக்கு மியூசியத்துக்கும் காலேஜுக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். யாருக்குத் தெரியவில்லை என்று பார்ப்போம். 1851இல் சென்னை மியூசியம் தொடங்கியபோது அதற்கெனத் தனிக் கட்டடம் கிடையாது. நுங்கம்பாக்கத்தில் இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில்தான் தொடங்கினார்கள். கம்பெனியின் வெள்ளைக்கார இளைஞர்களுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்க 1812இல் ஏற்படுத்திய காலேஜ் அது. அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் காலேஜ் ரோடு என்றுதான் பெயர். 1854 கடைசியில் மியூசியம் இப்போதிருக்கும் பாந்தியன் வளாகத்துக்கு வந்தது. உயிருள்ள மிருகங்களைக் காட்ட ஆரம்பித்ததும் இந்த வளாகத்தில்தான். 1863இல்தான் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. ஒரு காலேஜிலிருந்து பிறந்த நிறுவனம் உயிருள்ளது, செத்தது என்று இரண்டாகப் பிரிந்தது. இரண்டே சொல்லில் ஜனங்கள் நிறுவன வரலாறே எழுதிவைத்திருக்கிறார்கள். பெயர் இப்படித்தான் வந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். வெள்ளைக்காரன் கட்டிய பெரிய கட்டடம் எல்லாம் காலேஜ் என்று வழங்கியிருக்கலாம். ஆனால் 'அறியாமை' என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களைவிட இந்தப் பெயருக்கு அதிகம் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மியூசியத்தின் முன்கதை ஒரு சபையின் கதை. சென்னை இலக்கியச் சங்கம் என்று வெள்ளைக்காரக் கனவான்களின் சபை ஒன்று இருந்தது. கலெக்டர்கள், படை மருத்துவர்கள், பாதிரிமார்கள், நில அளவைக்காரர்கள் ஆகியோர் போன இடத்தில் கண்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து ஒருவருக்கொருவர் காட்டிப் பேசுவார்கள். ஒரு கல், ஒரு காசு, சாராயத்தில் போட்ட பாம்பு, கல்வெட்டுப் படி, ஏதோ ஒரு சாதியின் கல்யாணச் சடங்கு பற்றிய குறிப்பு. எல்லாம் ஒரே மேஜைமேல். எது எதனோடு சேரும் என்ற கவலை இல்லை. வினோதம் என்பது ஒன்றுதான் தகுதி. இது ஐரோப்பாவில் பிரபுக்கள் வைத்திருந்த வினோத அறைகளின் வாரிசு. ஹான்ஸ் ஸ்லோன் என்ற வைத்தியர் இப்படிச் சேர்த்த குவியல்தான் 1753இல் அவர் செத்த பிறகு பிரிட்டிஷ் மியூசியமாக ஆனது. அந்தச் சேகரத்துக்குப் பின்னால் ஜமைக்காவின் கரும்புத் தோட்டப் பணம் இருந்தது. அதற்குப் பின்னால் அடிமைகள். 2020இல் அதே மியூசியம் ஸ்லோனின் மார்பளவுச் சிலையைப் பீடத்திலிருந்து இறக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அடிமை வரலாற்றை விளக்கும் குறிப்போடு காட்டியது. சேகரித்தவரே சேகரிப்பாக ஆன விசித்திரம். நம்மூரில் இப்படி நடக்க எத்தனை வருஷமாகுமோ.

சென்னைச் சங்கம் தன்னிடமிருந்த ஆயிரத்து நூறு நிலவியல் மாதிரிகளைத் தூக்கிக் கொடுத்தது. மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஓர் படை மருத்துவர், கெட்டிக்காரர். கல்லைப் பார்க்க ஜனம் வராது என்பது அவருக்குத் தெரியும். உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் கூண்டில் வைத்தார், கூட்டம் வந்தது. கர்நாடக நவாப்பைப் பேசிச் சரிக்கட்டி அவருடைய மிருகங்களையும் வாங்கினார்.

இங்கேதான் வேடிக்கை என்ற சொல்லை நிறுத்திப் பார்க்க வேண்டும். தமிழில் வேடிக்கை என்பது தமாஷும்தான், காட்சியும்தான். வேடிக்கை பார்க்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவன். அவன் தொடுவதில்லை, எடுத்துப்போவதில்லை. பார்த்து முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவான். கனவான்கள் செய்ததற்கு ஆராய்ச்சி என்று பெயர், ஆயா செய்ததற்கு வேடிக்கை என்று பெயர். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது அறிவு அல்ல, அதிகாரம். (ஃபூக்கோவை இழுக்காமலே இந்தக் கட்டுரையை முடித்துவிட முடியுமா என்று பார்க்கிறேன், நண்பர்கள் மன்னிக்கவும்.) எடுத்துக்கொண்டுபோகிற பார்வைக்கும் எடுக்காமல் விட்டுப்போகிற பார்வைக்கும் உள்ள வித்தியாசம் இது.

இன்னொரு சொல். புலியைக் கொன்று தோலை உரித்துப் பதப்படுத்திப் பஞ்சோ வைக்கோலோ அடைத்து நிறுத்துவதற்குத் தமிழில் 'பாடம் பண்ணுவது' என்று பெயர். காலேஜில் படிப்பதும் பாடம், செத்த காலேஜில் நிற்பதும் பாடம். நான் சிலேடைக்காகச் சொல்லவில்லை. பாடமாக வேண்டுமென்றால் முதலில் சாக வேண்டும் என்பதை மொழி எப்போதோ கண்டுகொண்டிருக்கிறது.

எம்.ஏ. படித்த காலத்தில் கன்னிமரா நூலகத்தில் உட்கார்ந்துதான் எட்கர் தர்ஸ்டனைப் படித்தேன். 1896இல் திறந்த அந்த நூலகமும் மியூசியமும் ஒரே வளாகம். இந்தப் பக்கம் புத்தகம், அந்தப் பக்கம் திமிங்கில எலும்புக்கூடு. தர்ஸ்டன் 1885இலிருந்து 1908வரை மியூசியத்தின் கண்காணிப்பாளர். மருத்துவம் படித்தவர். வந்த புதிதில் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி, சங்கு, பழைய நாணயங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தவர் 1890களில் மனிதர்கள் பக்கம் திரும்பினார். சிப்பியை அளந்த கை மூக்கை அளக்க ஆரம்பித்தது. மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அந்த எண் பெரிதாக ஆக சாதி கீழே போகும் என்று நம்பியவர் ரிஸ்லி. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவரும் அவரே. அதே 1901இல் தொடங்கிய இனவரைவியல் கணக்கெடுப்பில் சென்னை மாகாணப் பொறுப்பு தர்ஸ்டனுக்கு வந்தது. மாகாணம் முழுக்கச் சுற்றினார். கே. ரங்காச்சாரி உதவிக்கு இருந்தார். விளைவு 1909இல் வெளிவந்த ஏழு தொகுதிகள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று தமிழாக்கமும் கொண்டுவந்தது.

அந்தத் தொகுதிகளைத் திறந்தால் பழைய வினோத அறைதான். ஆங்கில அகரவரிசையில் சாதிகள். பச்சை குத்துவது, பேயோட்டுவது, தாலியில் இத்தனை வகை, பிணத்தை இந்தத் திசையில் வைப்பது, ஒரு பழமொழி, ஒரு தாசில்தாரின் கடிதம், ஒரு பத்திரிகைத் துணுக்கு. வரிசை என்பது எழுத்து மட்டும்தான். படிக்க ஆரம்பித்தால் விடமுடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நானே பல மத்தியானங்களைத் தொலைத்திருக்கிறேன். ஆனால் கொஞ்ச நாளில் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. பிராமணர் பற்றிய பதிவில் கோத்திரமும் சூத்திரமும் உட்பிரிவும் சடங்குமாகப் பக்கங்கள் நீள்கின்றன. அவர்கள் மூக்கையும் அளந்தார்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு மூக்குக்கு அப்பாலும் ஒரு நூல் இருந்தது. மலையிலும் காட்டிலும் இருந்தவர்களுக்கு அவர்கள் உடம்பே நூல்.

இந்தப் பெரிய பிரதியில் அளக்கப்பட்டவர்கள் அளப்பதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது எங்கே இருக்கிறது? பதிவுகளில் தேடிச் சலித்தேன். இருப்பது முன்னுரையில், நகைச்சுவைத் துணுக்குகளாக. தர்ஸ்டன் தன் பயண அனுபவங்களை வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம். தங்களில் அம்சமானவர்களைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பாடம் பண்ணிச் சென்னை மியூசியத்தில் நிறுத்தத்தான் துரை வந்திருக்கிறார் என்று நினைத்தார்களாம். நீலகிரியில் ஓர் இருளர் அளப்பதற்கு வந்தார். அவர் பேரில் ஏதோ பழைய சில்லறைக் குற்றத்துக்காகப் போலீஸ் தேடல் இருந்தது. உயரம் அளக்கும் கம்பத்தைப் பார்த்ததும், இது தூக்குமரம், நான் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

துரை சிரிக்கிறார். அவரைப் படித்த நாமும் சிரித்தோம். என் வாதம் எளிமையானது: ஏழு தொகுதியிலும் மியூசியத்தைப் பற்றிய சரியான விமர்சனம் இந்த இரண்டு துணுக்குகளில்தான் இருக்கிறது.

பணியர் பெண்களின் பயத்தை எடுத்துக்கொள்வோம். மனிதரைப் பாடம் பண்ணுவார்கள் என்பது மூடநம்பிக்கையா? வியன்னாவில் ஆஞ்சலோ சோலிமான் என்று ஒருவர் இருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து சிறுவனாகக் கொண்டுவரப்பட்டவர். அரச குடும்பத்தோடு பழகிய, படித்த, மதிக்கப்பட்ட மனிதர். 1796இல் அவர் செத்ததும் தோலை உரித்துப் பாடம் பண்ணி இறகும் சோழியும் மாட்டி அரச மியூசியத்தில் 'காட்டுமிராண்டி'யாக நிறுத்தினார்கள். மகள் கெஞ்சியும் உடலைக் கொடுக்கவில்லை. 1848 கலகத்தில் தீப்பிடித்து எரிந்ததுதான் அவருக்குக் கிடைத்த தகனம். டாஸ்மேனியாவின் ட்ருகானினி, தன் உடலை அப்படிச் செய்துவிடக் கூடாது என்று சாகுமுன் அஞ்சி அஞ்சிக் கேட்டுக்கொண்டவள், 1876இல் செத்தாள். 1904லிருந்து 1947வரை அவளுடைய எலும்புக்கூடு ஹோபார்ட் மியூசியத்தில் நின்றது. ஸ்பெயினில் பன்யோலஸ் என்ற சிற்றூர் மியூசியத்தில் தென்னாப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்த ஒரு மனிதர் ஈட்டியும் கேடயமுமாக நின்றுகொண்டிருந்தார். 1830 வாக்கில் இரண்டு பிரெஞ்சுச் சகோதரர்கள் புதைகுழியைத் தோண்டி எடுத்துப் பாடம் பண்ணிய உடல் அது. 1992 ஒலிம்பிக்கின்போது ஹெய்தியில் பிறந்த ஒரு மருத்துவர் பிரச்சினையைக் கிளப்பினார். ஊர்க்காரர்கள், அவர் எங்கள் ஆள், தரமாட்டோம் என்றார்கள். 1997இல்தான் காட்சியிலிருந்து எடுத்தார்கள். 2000இல் போட்ஸ்வானாவில் புதைத்தார்கள். பெயர் கடைசிவரை தெரியவில்லை.

ஆக, வயநாட்டுப் பெண்கள் ஓடிய நாளில் அந்த மனிதர் ஐரோப்பாவில் காட்சிப்பொருளாக இருந்துகொண்டுதான் இருந்தார். அவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. அப்படியானால் எப்படிச் சரியாகச் சொன்னார்கள்? அவர்களுக்குத் தெரிந்தது வேறொன்று. பணியர்கள் நிலத்தோடு சேர்த்துக் கைமாறியவர்கள். வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஜென்மிகள் பணம் கொடுத்து ஒரு வருஷத்துக்கு அவர்களை வேலைக்குக் கட்டிப்போடுகிற வழக்கம் இருந்தது. கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1976இல். வெளியிலிருந்து ஒருவன் வந்து உடம்பை ஏற இறங்கப் பார்க்கிறான், அம்சமானதைத் தேர்ந்தெடுக்கிறான் என்றால் அடுத்து என்ன நடக்கும் என்பது அனுபவத்தில் தெரியும். அவர்கள் ஓடியது பயத்தால் மட்டும் அல்ல, வாசிப்பால். மியூசியம் என்ற பிரதியை வாசித்துவிட்டு ஓடினார்கள்.

இருளர் சொன்னதும் அப்படித்தான். பாரிஸ் போலீஸில் பெர்ட்டியான் என்பவர் 1880களில் குற்றவாளிகளின் தலை, கை, கால், உயரம் எல்லாம் அளந்து அட்டையில் எழுதிவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இந்தியாவிலும் கைரேகை பரவும்வரை போலீஸ் இதைப் பின்பற்றியது. மானுடவியல்காரரின் அளவைக் கருவிக்கும் போலீஸின் அளவைக் கருவிக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. தர்ஸ்டனே சென்னைப் போலீஸாருக்கு மானுடவியல் வகுப்பு எடுத்திருக்கிறார். 1871இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். இங்கேயும் பெயர் வைப்பதில் தப்பு செய்யவில்லை, உடம்பில் எந்த இடத்தில் சட்டம் தொட்டதோ அந்த இடத்தின் பெயர். 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள். 1947இல் மாகாணத்தில் சட்டம் போனது. அந்த இருளருக்குக் கம்பம் தூக்குமரமாகத் தெரிந்ததில் என்ன பிழை?

இனி நம் பக்கம். தர்ஸ்டனுக்கு அடுத்த வருஷம், 1910இல், ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி'யை மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அதுவும் ஒரு வினோத அறைதான். தேவர், முனிவர், அரசர், புலவர், மூலிகை, சாதி என்று அகரவரிசையில் எல்லாம் உண்டு. தனிமனிதர் ஒருவர் ஆயுளைக் கொடுத்துச் செய்த வேலை. அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஒன்று மட்டும் சொல்லலாம். அங்கே வினோதம் பெரும்பாலும் நூலிலிருந்து வந்தது, அதனால் யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை. பின்னால் வந்த நாம் தர்ஸ்டன் வழியைத்தான் பிடித்தோம். சாதிச் சங்கங்களின் மலர்களைப் புரட்டினால் தெரியும். தங்களை உயர்த்திச் சொன்ன வரியைத் தர்ஸ்டனிலிருந்து மேற்கோள் காட்டுவார்கள். அடுத்த வரியில் தாழ்த்தியிருந்தால் அது வெள்ளைக்காரன் சூழ்ச்சி.

சிறுபத்திரிகைக்காரர்களான நாம் மட்டும் என்ன? விளிம்பு, விளிம்பு என்று எழுதி எழுதி, நம் பக்கங்களும் ஒரு காட்சிக்கூடமாகத்தான் ஆகியிருக்கின்றன. இந்த இதழில் ஒரு மலைப்பாட்டு, அடுத்த இதழில் ஒரு சாவுச் சடங்கு. நான் ஆய்வேட்டுக்காக இருளர் குடியிருப்பு ஒன்றில் பாட்டுச் சேகரிக்கப் போனேன். செல்போனை முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு கிழவி நாலு பாட்டு பாடினாள். ஐந்தாவதைக் கேட்டபோது நிறுத்திவிட்டு, "இதல்லாம் எங்கப்பா கொண்டும்போயி வப்ப?" என்று கேட்டாள். யுனிவர்சிட்டியில் என்றேன். "காலேஜா?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்குமேல் பாடவில்லை. அவளுக்கு அலுத்துப்போயிருக்கலாம், நானாக அர்த்தம் கற்பிக்கக் கூடாது. ஆனால் அந்த நாலு பாட்டும் இன்னும் என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில்தான் இருக்கின்றன. அதை அங்கே போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

ஆடு, மாடு, மனிதர் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற காலம் போய்விட்டது என்று யாரும் நிம்மதிப்பட வேண்டாம். பெட்டி இப்போது படிவமாகியிருக்கிறது. 1965இல் லோகூர் கமிட்டி, யாரைப் பழங்குடி என்று சொல்வது என்பதற்கு ஐந்து அடையாளங்கள் சொன்னது. ஆதித்தன்மையின் அறிகுறிகள், தனித்த பண்பாடு, புவியியல் ஒதுக்கம், பிற மக்களோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. இன்றுவரை இவைதான் அளவுகோல். பழகக் கூச்சம் என்பதைக் கவனியுங்கள். அன்றைக்கு ஓடியவர்கள் அதற்காகவே இன்றைக்குத் தகுதி பெறுகிறார்கள். ஓடாமல் நின்று பேசினால் சந்தேகம். 2023 ஜனவரியில் நரிக்குறவர்கள் பட்டியலுக்குள் வந்தார்கள், அதுவே எத்தனை வருஷப் போராட்டம். பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் இருளர்களுக்குச் சான்றிதழ் கையில் வருவது இன்னொரு போராட்டம்.

வட மாவட்டம் ஒன்றில் தெரிந்தவர் ஒருவருக்காக ஒரு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூடப் போயிருந்தேன். அவர் இருளர், லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். அப்பா படிக்காதவர், அண்ணன் தம்பி யாரிடமும் சான்று இல்லை. விசாரணைக்கு உட்கார்ந்திருந்தவர் வயதில் இவரைவிடச் சின்னவர்.

"பாம்பு புடிப்பியா?"

"இல்ல சார். எங்க தாத்தா புடிச்சிருக்காரு. நான் வண்டி ஓட்டறேன்."

"எலி?"

"சின்னப் பையனா இருக்கும்போது புடிச்சிருக்கேன் சார்."

"அப்புறம் எத வச்சு இருளர்னு எழுதச் சொல்ற?"

அதே 2023இல்தான் பாம்பு பிடிக்கும் இருளர் இருவருக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. அதை நான் நடுவில் சொல்லியிருக்கக் கூடாது. "அதத்தான் சார் நானும் சொல்றேன்" என்றார் அவர்.

வெளியே டீக்கடையில் நண்பர் ரொம்ப நேரம் பேசவில்லை. கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க கொட்டாயாண்ட ஒரு சாரை திரியுது சார். புடிச்சாந்து டேபிள் மேல வுட்டுடலாம். ஃபாரஸ்ட்காரன் கேஸ் போடுவான்." அவர் சொன்னது சரி. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பாம்பைப் பிடிப்பது குற்றம். பிடித்துக் காட்டினால் ஜெயில், காட்டாவிட்டால் சான்றிதழ் இல்லை.

உள்ளே மறுபடி கூப்பிட்டார்கள். இனவரைவியல் அறிக்கை வாங்கிக்கொண்டு வரவேண்டுமாம், அதற்கு ஒரு தேதி போட்டுக் கொடுத்தார்கள். மகளுக்குக் காலேஜ் திறக்க ஒன்பது நாள் இருந்தது.